பறக்காத கூரை

எங்கள் அக்கா புருஷனைத் தெருவில் எல்லாரும் ‘டைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். குடிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு டீ கூட அரை கிளாஸ்தான். தகரக் கூரை போடுவது தொழில். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, “டைட்டு” என்பார். வீட்டுக்காரர் ஏதாவது கேட்பதற்குள் ஏணி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கடலோரத்தில் பாதி வீடுகளுக்கு மாமா போட்ட கூரைதான்.

புயல் வந்து அந்தப் பாதியையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் போனது. விடிந்தபோது சலூன்காரர் வீட்டுத் தகரம் டீக்கடைக்குள் சொருகி நின்றது. டீக்கடைத் தகரம் எங்கே என்று கடலைத்தான் கேட்க வேண்டும். யாருக்கும் அடிபடவில்லை, அதுவே பெரிய விஷயம். எங்கள் வீட்டுக் கூரை மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

அக்கா தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாமிக்குப் போகிற நன்றியில் தனக்கும் ஒரு பங்கு வருமா என்று மாமா பார்த்துக்கொண்டு நின்றார். வரவில்லை.

அந்த நிம்மதி காபி குடித்து முடிக்கும்வரை தாங்கியது. காற்று நின்றாலும் மழை நிற்கவில்லை. சலூன்காரர், அவர் மனைவி, நனைந்து காய்ச்சலான அவர்கள் மகள், அடுப்போடு டீக்கடை அம்மா என்று எல்லாரும் எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள், பாயைக் கண்டதும் சாய்ந்துவிட்டார்கள். மல்லாந்து படுத்தவர்கள் வேறெங்கே பார்ப்பார்கள்? மேலே பார்த்தார்கள்.

மேலே இரும்புக் குழாயைக் கவ்விக்கொண்டு கொக்கி போல்ட்டுகள் பல்வரிசை மாதிரி நெருக்கமாக இருந்தன. சலூன்காரர் வீட்டில் ஒரு கொக்கிக்கும் அடுத்த கொக்கிக்கும் நடுவே ஒரு குடித்தனமே நடத்தலாம். மனிதர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். முடி வெட்டும்போது அவர் அத்தனை கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

“டீயைக் கீழே பார்த்துக் குடிங்கண்ணே, சிந்திடும்” என்றாள் அக்கா. அவர் குடித்து முடித்துவிட்டு மறுபடி மேலே பார்த்தார்.

அக்காவும் மேலே பார்த்தாள். மாமாவை அடுப்படிக்கு இழுத்தாள்.

“நமக்கு நல்லாப் போட்டுக்கிட்டு ஊரை ஏமாத்திட்டோம்னு நெனைக்கப் போறாங்க. இனிமே ஒருத்தரும் உங்களை ஏணி வைக்க விடமாட்டாங்க. ஏறி ரெண்டு தகரத்தைக் கழட்டிப் போடுங்க. நமக்கும் போச்சுன்னு இருக்கட்டும்.”

“புயலே கழட்டல. என்னைக் கழட்டச் சொல்றியா?”

“ஊரோட ஒத்து வாழணும்.”

கூரைக்குக் கீழேயே ஊரைப் படுக்க வைத்துவிட்டு, கூரை போச்சு என்று சொல்வதாம். பயம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடுகிறது. ஆனாலும் பெண்டாட்டி சொன்ன பிறகு மாமா ஏறாமல் இருக்க முடியுமா? கொட்டுகிற மழையில் ஸ்பேனரோடு ஏறினார். தலைக்கு மேலே கடகடவென்று சத்தம்.

“எதுக்கு ஏறியிருக்காரு?” என்றாள் டீக்கடை அம்மா.

“சும்மா, சரிபார்க்க” என்றாள் அக்கா.

மாமா தொப்பலாக நனைந்து இறங்கி வந்தார். ஏறின காரியம் மறந்துபோய், முகமெல்லாம் பெருமையாக, “ஒண்ணுகூட அசையல” என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சலூன்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

“மச்சான், இதே கைதானே எங்க வீட்டுக்கும் போட்டது?”

மாமா ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் யாரையும் ஏமாற்றியவரில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்லவும் அவருக்கு நாக்கு எழவில்லை. அக்காவால்தான் பொறுக்க முடியவில்லை.

“அவர் மேல தப்பில்லண்ணே. உங்க வீட்டுக்குப் போட்ட மாதிரிதான் இங்கயும் முதல்ல போட்டாரு. எனக்குத்தான் அவர் வேலையில நம்பிக்கை இல்ல. இன்னொரு கொக்கி போடுங்க, இன்னொண்ணு போடுங்கன்னு ஒவ்வொரு லீவு நாளும் நச்சரிச்சேன்.”

புருஷனை அக்கா காப்பாற்றிவிட்டாள். இனி அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, வேலை தெரியாதவர்.

யாரும் சிரிக்கவில்லை. காய்ச்சலில் முனகும் மகளின் நெற்றியைச் சலூன்காரர் தொட்டுப் பார்த்தார்.

“பொண்டாட்டியே நம்பாத வேலையை நம்பித்தான் நாங்க பிள்ளையோட அதுக்குக் கீழே படுத்திருந்தோமா?”

மாமா முகம் செத்துவிட்டது. நாள் முழுக்க அவரைக் கேலி செய்யும் எனக்கே பாவமாக இருந்தது.

“ஆமா” என்றார். “இவ பேச்சை உங்க வீட்டுலயும் கேட்டிருக்கணும்.”

சலூன்காரர் இன்னொரு தடவை மேலே பார்த்தார். பிறகு, “மழை விட்டதும் வாங்க. தங்கச்சியும் கூட வரணும். அது போதும்னு சொல்ற வரைக்கும் நீங்க இறங்கக் கூடாது” என்றார்.

அப்படித்தான் நடந்தது. இப்போது எங்கள் பக்கத்தில் கூரை போட வேண்டுமென்றால் அக்காவைத்தான் தேடி வருகிறார்கள். மாமாவைத் தனியாக யாரும் கூப்பிடுவதில்லை. ஏணி தூக்க ஆள் வேண்டுமே என்று அக்காதான் கூட்டிப்போகிறாள்.