பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு எடுக்க வைத்திருந்த லீவு

மகள் ஆறு மாதம்கூட நிறையாமல், கர்ப்பத்தின் இருபத்தைந்தாவது கிழமையில் பிறந்தாள். தாயிடம் காட்டக்கூட நேரமில்லாமல் அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தாள்.

அப்போது நான் ஸ்காபரோவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். தகப்பனுக்கும் அரசாங்கக் கொடுப்பனவோடு சில மாதங்கள் லீவு உண்டு. ஆனால் ஒரே தொடராகத்தான் எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மிச்சத்தைப் பிறகுக்கு வைக்க முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மகள் வீட்டுக்கு வர மூன்று, நான்கு மாதமாவது ஆகும் என்றார் டொக்டர்.

வேலையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, லீவை இப்ப எடுத்துப்போடாதை. பிள்ளை வீட்ட வந்தாப்பிறகுதான் உனக்கு வேலையே இருக்கு. இப்ப போய்ப் பெட்டியைப் பாத்துக்கொண்டிருந்து என்ன செய்யப்போறாய்?"

மனைவிக்கும் அது சரியாகப் பட்டது. "நான் இஞ்ச இருக்கிறன்தானே. அவள் வந்தாப்பிறகு நீங்கள் நில்லுங்கோ."

அப்படியே செய்தோம். இரண்டரைக்கு வேலை முடிந்ததும் பஸ்ஸும் சப்வேயும் மாறி டவுன்டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவேன். முழங்கை வரைக்கும் கை கழுவிவிட்டு உள்ளே போனால், பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் மனைவி இருப்பாள். என்னைக் கண்டதும் அன்றைய கதையைச் சொல்வாள்.

"இண்டைக்கு மூண்டு தரம் மூச்சு நிண்டது. நேர்ஸ் காலைத் தட்ட, திரும்ப எடுத்தாள்."

"நீர் சாப்பிட்டனீரோ?"

"ஓம்." சாப்பிட்டிருக்க மாட்டாள்.

பிறந்து ஐந்தாம் கிழமை மகளை முதன்முதலாகத் தாயின் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். நான் போனபோது பிள்ளை மறுபடி பெட்டிக்குள் இருந்தாள். மனைவியின் முகம் மட்டும் வேறாயிருந்தது. தகப்பனும் வைத்திருக்கலாம், நாளைக் காலை பதினொரு மணிக்கு வரச்சொல்லுங்கள் என்று நேர்ஸ் சொன்னாளாம். அது வியாழக்கிழமை.

"நாளைக்கு ஒருநாள் கேட்டுப் பாருங்கோவன்."

"வெள்ளியிலை விடமாட்டாங்கள். சனிக்கிழமை முழுக்க இஞ்சதான் நிப்பன்."

உண்மையில் நான் கேட்டே பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் போனை லொக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன். மனைவி ஆறு தரம் அழைத்திருந்தாள். திரும்ப அழைத்தேன். மகளின் வயிறு வீங்கி நிறம் மாறிவிட்டது, குடல் அழுகத் தொடங்கியிருக்கிறது என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது, வெட்டினாலும் தாங்கமாட்டாள் என்று டொக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளை என் நெஞ்சில் வைத்தார்கள். இன்னும் சூடாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு என்னுடையது மட்டும்தான் என்று தெரிந்தது. மனைவியிடம் கொடுத்தேன்.

பிறகு ஒரு சிறிய அறையில் ஆஸ்பத்திரியின் சமூக சேவகி பத்திரங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடும் நோயுற்ற பிள்ளையைப் பார்க்கும் லீவு எனக்கு எப்போது முடிகிறது என்று கேட்டாள். அப்படி ஒரு லீவு இருப்பதே எனக்குத் தெரியாது. டொக்டர் கையெழுத்து வைத்தால் போதும், மற்ற லீவைத் தொடவே தேவையில்லை என்றாள். நான் அதில்தான் இருக்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளாம். நான் ஒவ்வொரு நாளும் வேலைச் சப்பாத்தோடு போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

வேலையிடத்தில் துக்கத்துக்கென்று மூன்று நாள் தந்தார்கள். நான் வைத்திருந்த லீவைப் பற்றிக் கேட்டேன். அது பிள்ளையைப் பராமரிக்கத் தருவது, பிள்ளை இல்லையென்றால் இல்லை என்றார்கள். தாய்க்கான லீவு மட்டும் தொடர்ந்தது. மல்வேர்னில் எங்கள் அபார்ட்மென்டில் மனைவி அந்தக் கிழமைகளைத் தனியே கழித்தாள். பால் வற்ற நாள் எடுத்தது.

ஒருநாள் பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டாள். "அந்த வெள்ளிக்கிழமைக்கு நீங்கள் லீவு கேட்டிருந்தா விட்டிருப்பாங்களோ?"

"விட்டிருப்பாங்கள்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்துபோய்ச் சோற்றைச் சூடாக்கினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.