பத்தாமல் போன துணி

என் மகனுக்கு ஆறு மாதமானபோது வீட்டில் விரிப்புப் பஞ்சம் வந்தது. எத்தனை விரித்தாலும் அத்தனையையும் நனைத்துவிட்டுச் சிரிப்பான். வண்ணார்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த எனக்குத் துணிக்கு மட்டும் குறைவில்லை. கட்டிலுக்கடியில் மூன்று சாக்கு நிறைய வெட்டுத்துண்டுகள். அதற்குள் பாம்பு குடியிருந்தாலும் தெரியாது என்பார் என் வீட்டுக்காரர். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தேன். பருத்தி ஒரு பக்கம், ஈரம் உறிஞ்சாத பாலியஸ்டர் ஒரு பக்கம். விரல் அளவுத் துணுக்குகளைத் தலையணைக்குள் அடைத்தேன். பெரியவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பழைய சேலையை மடித்துக் கொடுத்துத் தைத்தேன். அழகான விரிப்பு. அதைத் துவைத்து வாசல் கொடியில் போட்டதுதான் முட்டாள்தனம்.

தெருமுனை வீட்டு டீச்சர் அந்த வழியாக வந்தவர் நின்றுவிட்டார். கத்திரிப்பூ நிறத்தில் மஞ்சள் புள்ளி போட்ட இரண்டு சதுரங்களைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் துணியில்தான் முழங்கைவரை கை வைத்து ஜாக்கெட் கேட்டிருந்தார். நான் ஞாபகமில்லாமல் கையைக் குட்டையாக வெட்டிவிட்டேன். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. துணி பத்தவில்லை, கடையில் குறைத்து அளந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் நேரே துணிக்கடைக்குப் போய் அண்ணாச்சியோடு சண்டை போட்டுவிட்டு, இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று திரும்பியிருந்தார்.

"துணி பத்தலன்னியேட்டி," என்றார் இப்போது. "என் ரெண்டு கையும் இங்கனதான கெடந்து காயுது."

மன்னிப்புக் கேட்டேன். அது தனக்கு வேண்டாம், அண்ணாச்சியிடம் வந்து சொல் என்றார். விரிப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார், சாட்சிக்காம். இடுப்பில் பிள்ளை, தோளில் ஈர விரிப்பு, முன்னால் டீச்சர். ரோட்டில் பஸ்களெல்லாம் என்னைப் பார்ப்பதற்கென்றே மெதுவாகப் போயின.

கடையில் நாலைந்து பெண்கள் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பிள்ளை அந்நேரம் பார்த்து என் சேலையை நனைத்தான். அண்ணாச்சி நான் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. விரிப்பை மேசைமேல் போட்டு, இது போன தீபாவளிச் சரக்கு, இது விற்காமல் கழுத்தறுத்த சரக்கு என்று ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்துவந்தார். மாதிரிக்கு வெட்டிய துண்டுகள்.

"இதெல்லாம் எலிக்குத்தான் போகுது. உக்காருததுக்கு மெத்துன்னு ஒண்ணு தச்சுத் தாரியாம்மா? இடுப்பு போச்சு," என்றார்.

டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. தண்டனை வாங்கிக் கொடுக்க அழைத்துவந்தவளுக்கு வேலை கிடைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? மூட்டை என் தலைக்கு ஏறியதால் பிள்ளையை அவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. என் வீட்டு வாசலில் அவனைத் திருப்பித் தரும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பள்ளிக்கூடத்து நாக்காலியும் வெறும் பலகதான், பாத்துக்க. எனக்குத் தைக்கும்போது பச்சைய அதிகம் வைக்காத."