சாவியக்காவின் ஜன்னலோரம்

டயர் கிடங்காக இருந்த அந்தக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தவள் அவள்தான். மொட்டைமாடியிலும் சமையலறையிலும் தனித்தனியாகப் படம் போட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரைத் தேடிப்பிடித்து, "ஒண்ணா இருந்தா நல்ல வெளிச்சமாவது கிடைக்கும்" என்று பேசிச் சம்மதிக்கவைத்தாள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் இடம் பிரித்தார்கள். அவளுக்கு விழுந்தது வடக்கு ஜன்னலோரம். அன்று அத்தனை பேருக்கும் அவள்மேல் பொறாமை.

ஓவியர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கூட்டம் போட்டால் வாய் கிழியப் பேசுவார்கள். குழாய் ஒழுகினால் ஒருவர் கண்ணிலும் படாது. பூட்டுவது, திறப்பது, சண்டை தீர்ப்பது எல்லாவற்றையும் அவளே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தாள். சாவிக்கொத்து இடுப்பிலேயே கிடந்ததால் சாவியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்த சிற்பிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

ஜன்னலோரத்துக்கு முதலில் ஓர் ஏணி வந்தது. "ரெண்டு நாள்தான்க்கா" என்றார்கள். பிறகு துடைப்பம், காலிச் சட்டங்கள், ஓடாத மின்விசிறி. அவளும் கண்டுகொள்ளவில்லை. படம் போட நேரம் இருந்தால்தானே.

வருடாந்திரக் கண்காட்சிக்கு விதி வகுத்தவளும் அவளே. கையெழுத்தில்லாமல் படங்களை மாட்டி, கீழே ஒரு டப்பா வைக்க வேண்டும். பிடித்த படத்துக்குச் சட்டைப் பொத்தான் போடலாம், தன் படத்துக்கு மட்டும் கூடாது. பொத்தான் விழாத படம் இறங்கிவிடும். யார் கை எதுவென்று எல்லோருக்கும் தெரியுமாதலால் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள்; விதி பெயருக்குத்தான் இருந்தது. ஒரு படமும் இதுவரை இறங்கியதில்லை.

இந்த வருடம் முதல்முறையாக அவளும் ஒன்று மாட்டினாள். கணவர் வேலைக்குக் கிளம்பியபின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டது. கிடங்கு வாசலில் குவிந்துகிடக்கும் செருப்புகள். தான் இன்னும் ஓவியர்தானா, வெறும் காவல்காரியா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அந்தப் படத்தின் டப்பா மட்டும் காலியாக இருந்தது.

"யாரோ புதுசா சேந்தவங்க போட்டது போல. கை இன்னும் படியல" என்றார் சிற்பி. அவருடைய பிய்ந்த செருப்பும் அதில் இருந்தது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவள் தன் ஜன்னலோரத்தில் கிடந்த ஏணியை எடுத்துவந்து ஏறினாள். கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றுவது வழக்கமாக அவள் வேலைதானே. "புதுசு இல்ல. நான்தான்."

"மறுபடியும் ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்க்கா" என்றார் அவர்களில் ஒருவரான பள்ளிக்கூட ஓவிய வாத்தியார், சட்டைப்பையில் பொத்தான் தேடியபடி.

"வேணாம். உங்க பரிதாபத்துல என் படம் தொங்க வேணாம்." அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை. "சிற்பி சொன்னது சரி. கை படியல. எப்படிப் படியும்? என் எடத்துல ஏணிதானே நிக்குது."

சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் போட்டாள். "வாரத்துக்கு ஒருத்தர் வச்சுக்கங்க. என் எடத்தக் காலி பண்ணிக் கொடுங்க."

ஜன்னலோரத்துச் சாமான்களை ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். தூசி அடங்கியதும் அவள் ஜன்னலைத் திறந்து, முக்காலியைப் போட்டு, செருப்புப் படத்தையே மறுபடி எதிரே வைத்துக்கொண்டாள். ஏணியைச் சுமந்தபடி கூடத்தை இரண்டு சுற்று சுற்றிய சிற்பி கடைசியில் அவளிடமே வந்து நின்றார்.

"அக்கா, இத எங்க வைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்" என்று திரும்பாமலே சொன்னாள் அவள். சொன்னதும் மனசு லேசாயிற்று.