ஈரச் சாக்கில் ஒரு வெனிலாக் கொடி

வேப்பூரில் பஸ் நின்றதும் டீக்கடையை ஒட்டிய பேக்கரியிலிருந்து அந்த வாசனை ஏறி வந்துவிடுகிறது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கேக்கின் வெனிலா வாசனை. மற்றவர்களுக்குப் பசிக்கும். நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் வளர்ந்த வெனிலாக் கொடிக்கு ஒரு நாளும் அந்த மணம் இருந்ததில்லை. பூத்து, காய்த்து, காயைப் பக்குவம் செய்தால்தான் மணக்குமாம். நாங்கள் பூவரைக்கும்கூடப் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கூடலூர்ப் பக்கத்து மலையிலிருந்து அவள் எனக்கு மனைவியாக விருத்தாசலம் வந்தாள். கூடவே, ஒயர் கூடையில் ஈரத்துணி சுற்றி ஒரு கொடித் துண்டும் வந்தது. தடித்த இலைகள், கணுவுக்குக் கணு புழுப்போல நீட்டிய வேர். பீங்கான் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னடா மாப்ள, எல்லாருக்கும் சீர்ல பீரோ வரும். உனக்குப் பச்சைப் பாம்பு வந்துருக்குது!"

சூளையில் வெடித்து, கழித்துப் போட்ட சாக்கடைக் குழாய் ஒன்றைக் கொல்லையில் முருங்கை நிழலில் நட்டோம். அதில் தேங்காய் நார் சுற்றிக் கொடியை ஏற்றினாள். அம்மா காலையில் எழுந்ததும் கேட்பாள்: "புடிச்சிருக்குதா?" அது கொடியைக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் அவளைக் கேட்பார்கள்: "எங்க ஊரு புடிச்சிருக்குதாம்மா?" சொல் ஒன்றுதான். நான் அந்தச் சொல்லில் சிக்கிக்கொண்டேன். கொடிக்கு இந்த ஊர் பிடித்துவிட்டால் அவளுக்கும் பிடித்துவிடும். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவள் சொல்லவே இல்லை.

சித்திரை வந்தது. வெயில் ஓட்டைத் துளைத்து இறங்கியது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதுகெல்லாம் வேர்க்குரு. சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து, அதில் கன்னத்தை வைத்துக் கிடப்பாள்.

"அப்பாவை வரச் சொல்லியிருக்கேங்க. நான் போயிடுறேன்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் கன்னத்தை மாற்றி வைத்துப் படுத்தாள்.

கொல்லைக்கு ஓடினேன். கொடியின் இலைகள் ஓரத்தில் சுருங்கத் தொடங்கியிருந்தன. எங்கள் வேலையில் காய்ச்சலுக்கு ஒரே வைத்தியம்தான். சூளைக்குப் போகாத பச்சைக் களிமண் பொருள் சட்டென்று காற்றில் உலர்ந்தால் விரிசல் விட்டுவிடும்; அதனால் ஈரச் சாக்கைப் போட்டு இறுக்கி மூடுவோம். மண்ணைக் காப்பாற்றிய சாக்கு ஒரு கொடியைக் காப்பாற்றாதா? குழாயோடு சேர்த்துக் கொடியைச் சாக்கால் சுற்றினேன், சணலால் வரிந்து கட்டினேன், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நனைத்தேன். அம்மா தன் பங்குக்கு அடியில் குடம் குடமாக ஊற்றினாள். அந்த வெறியிலேயே அறை ஜன்னலுக்கும் ஈரச் சாக்கு கட்டினேன்.

"மூச்சு முட்டுதுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"கொஞ்சம் பொறுத்துக்க. காத்து வுட்டா காஞ்சிரும்."

"எது?"

நான் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அப்பா வந்து சேர்ந்த அன்று, ஊருக்குப் போகுமுன் கொடியைப் பார்க்க வேண்டும் என்றாள். நானே சணலை அவிழ்த்தேன். சாக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கணுக்கள் கறுத்து, தண்டு கூழாகி, அடைபட்ட சாக்கடையின் நாற்றம். தொட்ட இலை கையோடு வந்தது.

"நம்மூர் தண்ணி இதுக்கு ஒத்துக்கல போலிருக்குது" என்றாள் அம்மா, குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல்.

அவள் அழவில்லை. பிளேடு கேட்டாள். உச்சியில் பச்சை மிச்சமிருந்த ஒரு சாண் துண்டை அறுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இது காத்துலதாங்க தண்ணி குடிக்கும். மூடி வச்சா அழுகிரும்." பிறகு உள்ளே போய் ஜன்னல் சாக்கை அவிழ்த்து, மடித்து, மூலையில் வைத்தாள். அனல் உள்ளே வந்தது. அதன் எதிரில் நின்று நெடுமூச்சு விட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. மாமா உள்பக்கம், அவள் ஜன்னலோரம். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உளறினேன். "அந்தத் துண்டு பச்சையாத்தான் இருக்குது. நாரை லேசாத்தான் சுத்தியிருக்கேன். ஒரு மழை வரட்டும், புடிச்சிக்கும். நீ திரும்பி வந்து பாரு, புடிச்சிருக்கும்."

கண்டக்டர் விசிலடித்தார். மாமா முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலங்க" என்றாள்.

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு ஓடினேன். என் முகத்தை அவள் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவசரமாகச் சொன்னாள்:

"கொடியச் சொன்னேன்."