நாலு படிக்கு வெளிச்சம்

கோட்கா நகரில் எங்கள் நாடக அரங்கின் விளக்குகள் ஹில்க்காவின் பொறுப்பு. நல்ல இருட்டைத் தருபவள் என்பதுதான் அவளுக்குப் பெயர். மேடைக்கு அடியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. நடிகர்களை நான் கால்களாகவே அறிவேன்.

ரெய்னோவின் கால்கள் இருட்டுக்குப் பயந்தவை. அவருக்கு வயது எழுபது, மாலைக்கண். சொன்னால் ராஜா வேஷம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ராஜா இறந்ததும் விளக்கணையும். அவர் எழுந்து நாலு படி இறங்கி மறைய வேண்டும். படிக்கு மேலே, பக்கத்திரைக்குள் தொங்கிய பழைய பல்பின் இழை அணைந்தபிறகும் சற்று நேரம் சிவந்திருக்கும். அதைப் பார்த்தபடியே இத்தனை வருஷம் இறங்கினார்.

இந்தக் குளிர்காலத்தில் எல்.இ.டி. வந்தது. பொத்தானைத் தொட்டால் கும்மிருட்டு. ஒத்திகையில் மறுபடி வெளிச்சம் வந்தபோது, இறந்த ராஜா மேடை நடுவே நின்றிருந்தார்.

“இன்னும் சாகலையா ரெய்னோ?” என்றார் இயக்குநர் இல்மரி.

“சாவோட கனம் ஜனங்களுக்கு எறங்க வேணாமா?”

“நாளைக்கும் நீங்க எறங்கலேன்னா, வேற ராஜாதான்.”

மறுநாள் ஹில்க்கா வெளிச்சத்தை நொடிக்கு நொடி ஒரே அளவாகக் குறைத்துப் பார்த்தாள். வெகுநேரம் எதுவும் குறைந்ததாகவே தெரியவில்லை. பிணம் வெளிச்சத்தில் எழுந்து நடக்கலாமா? ரெய்னோ காத்திருந்தார். திடீரென்று இருண்டது, மாட்டிக்கொண்டார்.

கணக்கை மாற்றினாள். ஒவ்வொரு நொடியும் மிச்சத்தில் பாதி போகட்டும்: பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. மேடை சட்டென்று மங்கியது. பக்கத்திரை விளக்கில் மட்டும் ஒரு துளி, போக மனமில்லாமல் தங்கியது. கால்கள் நாலு படியும் இறங்குவதை எண்ணினேன்.

“அது எப்ப முழுசா அணையும்?” என்றார் இல்மரி.

“கணக்குப்படி எப்பவுமே அணையாது.”

“அணைக்கத்தானம்மா உன்ன வச்சிருக்கேன்!”

“ஜனங்களுக்கு அணைஞ்சாச்சு. அது போதாதா?”

இல்மரி தலையாட்டினார். வேஷம் தப்பியது.

கடைசிக் காட்சி முடிந்ததும் ரெய்னோ, அதுவரை ஏறியே இராத விளக்கறை ஏணியில் ஏறினார். கையில் ஏலக்காய் பன்.

“எனக்கு இருட்டுல கண்ணு தெரியாதுன்னு எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“பழைய பல்பு காலத்துலேர்ந்தே.”

“சொல்லவே இல்லையே!”

“நீங்க கேக்கவே இல்லையே.”

நன்றி என்ற சொல் அவருக்குச் சுலபத்தில் வராது. பன்னைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினார்.

“இதுலயும் பாதிதானா?” என்றாள் ஹில்க்கா.

அவர் கொஞ்சம் யோசித்து, மற்ற பாதியையும் கொடுத்துவிட்டார்.