அமலியின் பெயரை ஏற்காத போன்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்த அமலிக்கு, ஒரு மாத்திரை கிடைக்க வழியில்லாமல் செய்துவிட்டார்கள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். அவளுக்கு நயமாக ஓர் இரங்கல் எழுதித் தரச் சொன்னவர்களிடம் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

செய்தி வந்தபோது நான் பட்டறையில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அமலியின் மகள் ஜெனி போனில் அழுதாள். "தாத்தா, அம்மா கீரனூர் பஸ்ஸுல மயங்கி விழுந்துட்டாங்க. திருச்சிக்குக் கொண்டு போயும் காப்பாத்த முடியல. மூளையில ரத்தக்கொழா வெடிச்சிருச்சாம்." அமலிக்கு நாற்பத்தாறு வயது.

ஆவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த போனையும், பிரஷர் மெஷினையும், சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவாள். போனில் உள்ள செயலியில் யார் பெயர் ஏறுகிறதோ அவர்களுக்கு மாதாமாதம் பெயர் ஒட்டிய மாத்திரைப் பொட்டலம் வரும்.

முதல் நாள் நான் அவளை விரட்டினேன். "என் ஒடம்பு எனக்குத் தெரியும். அங்கிட்டுப் போயிப் பாரு" என்றேன். அவள் நகரவில்லை. "கருகுன பொறவு மோட்டாரத் தூக்கிட்டு வாரவுகள என்னமாத் திட்டுறீங்க! சத்தம் மாறுனப்பவே கொண்டாந்திருக்கலாம்லன்னு. நீங்க மட்டும் கருகித்தான் வருவீங்களோ?" பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கையை நீட்டினேன். சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது.

போன மாசியில் மெஷினின் ரப்பர் குழாய் கீறிக் காற்று நிற்கவில்லை. புதிது வர நாளாகும் என்று என்னிடம் கொண்டுவந்தாள். நான் யாரிடமும் தொழில் படித்தவனல்ல. பிரித்துப் பார்த்தே கற்றவன். குழாயை ஒட்டி, சோதிக்க அவள் கையிலேயே பட்டையைச் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூறு காட்டியது. "ஒங்க ஒட்டு சரியில்ல பெரியப்பா" என்று சிரித்தாள். நானும் என் வேலையைத்தான் சந்தேகித்தேன். பிரித்து மறுபடி ஒட்டினேன். அதே அளவு. என் கையில் சுற்றியபோது நூற்று முப்பது. மெஷின் சரியாகத்தான் இருந்தது.

"மாத்திரை போடுறியா ஆத்தா?"

"போடாம? ஊருக்கே குடுக்குறவ எனக்கு எடுத்துக்க மாட்டேனா?"

நம்பினேன். அடுத்தடுத்த மாதங்களிலும் கேட்டேன். அதே பதில்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெனி அந்தப் போனைக் காட்டினாள். பணியாளராகப் பதிந்த பெயரை நோயாளியாகப் பதிய முடியாது என்று செயலி திருப்பியிருக்கிறது. அமலி மூன்று முறை புகார் எழுதியிருக்கிறாள். மூன்றுக்கும் ஒரே பதில்: அடுத்த அப்டேட்டில் சரிசெய்யப்படும். ஒரு காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றிருக்கிறாள். போன் ஒரே இடத்தில் நிற்பதைத் தன் திரையில் பார்த்த நிறுவனத்து மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "ஏம்மா, உக்காந்துட்டியா? இன்னும் எத்தன வீடு பாக்கி?" என்றாராம். சீட்டு வாங்காமலே திரும்பிவிட்டாள். "அடுத்த மாசம் பேரு ஏறிரும்டி" என்று மகளிடம் தள்ளிப்போட்டாள். பையில் இருந்த பொட்டலங்களில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. "அது அவுக மாத்திரடி" என்பாளாம்.

பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அந்த நிறுவனத்தார் அவளை "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்றார்கள். எந்தப் பட்டியலில் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

என் கோபம் அவள் மேலும்தான். என்னிடம் பொய் சொன்னாள். என்னிடம் அவள் விட்டுப்போனது சிரித்த முகத்தோடு சொன்ன அந்தப் பொய். அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.

இனி நடக்க வேண்டியது. செயலியை எழுதியவர்கள் பணியாளர்களின் பெயரையும் நோயாளிப் பட்டியலில் ஏற்ற இந்த மாதமே வழி செய்ய வேண்டும். நிறுவனத்தார், அமலியின் புகார்களைப் படித்தவர் யார் என்று ஜெனிக்கு எழுத்தில் தர வேண்டும். மேற்பார்வையாளர் தமக்குக் கீழே உள்ள பெண்களை மாதம் ஒரு காலை, போனை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களாகிய நாம், அமலியின் இடத்துக்கு வரப்போகும் பெண் பையைத் திறந்ததும் முதலில் அவள் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாமல், அவள் மாத்திரை விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு செம்புத் தண்ணீரோடு அந்த வேலையை நான் செய்வேன்.