கொழும்புக்குப் போன காரும் என் இரண்டு அறிக்கைகளும்

1. தந்தி

அந்தத் தந்தியில் ஐந்து சொற்கள் இருந்தன: "கார் பள்ளத்தில். எஞ்சினியருக்குக் காயம். வரவும்." புணானை ஸ்டேஷன் மாஸ்டர் அனுப்பியிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் திணைக்களத்தின் மட்டக்களப்பு வேர்க்ஷொப்பில் நான் மெக்கானிக்கல் இன்ஸ்பெக்டர். திணைக்களத்தின் பெயரும் காரின் பெயரும் இங்கே வேண்டாம். இரண்டும் இன்னும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கார் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெளியே பார்த்தால் சின்னக் கார். உள்ளே ஏறினால் பங்களாவின் விருந்தினர் அறை. தோல் சீட், பளபளக்கும் மரத்தில் டாஷ்போர்ட், கதவைச் சாத்தினால் நகைப்பெட்டி மூடுவதுபோல ஒரு மெல்லிய சத்தம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே மழை பெய்வதைப் பார்க்கலாமே தவிரக் கேட்க முடியாது. டிக்கி மட்டும் சிறியது. இரண்டு சூட்கேஸ் வைத்தால் நிரம்பிவிடும். கொழும்புக்குப் போகும் எங்கள் ரோட்டு நீண்டதும் குழி விழுந்ததும் என்பதால், தலைமை அலுவலகம் ஒரு காரை இங்கே அனுப்பிப் பார்த்தது. நன்றாக ஓடினால் மாவட்டத்துக்கு ஒன்று வாங்குவதாகத் திட்டம்.

மாரி மழைக்குள் லொறியை எடுத்துக்கொண்டு புணானைக்குப் போனேன். ஒரு மதகுக்குப் பக்கத்தில், இடப்பக்க மட்காட் நசுங்கி, கார் பள்ளத்தில் சரிந்து கிடந்தது. எங்கள் எஞ்சினியர் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மூளை, காலில் நல்ல சப்பாத்து.

"ஐசே, காரிலை ஒரு பிழையும் இல்லை. அருமையான கார். இவன்தான் நித்திரை கொண்டிட்டான்" என்றார்.

சாரதி ஆதம்லெப்பை மழையில் நனைந்தபடி தள்ளி நின்றான். காத்தான்குடி ஆள். பத்தொன்பது வருட சேவையில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

"மெய்தானா?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. கண் சொருகினது மெய்தான்."

"ராவு படுக்கல்லயா நீ?"

"எட்டு மணிக்கே படுத்த. சுபஹுத் தொழுகைக்கு ஒழும்பின. ஏன் சொருகினதெண்டு எனக்கே விளங்கல்ல."

இரண்டு வாக்குமூலங்களும் ஒன்றாக இருந்ததால் விசாரணைக்கு அதிக வேலை இருக்கவில்லை. ஆதம்லெப்பை வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டான். குற்றப்பத்திரத்தில் "கடமை நேரத்தில் நித்திரை" என்று எழுதினார்கள். அது நிரூபிக்கப்பட்டால் வேலை போகும். வேலையோடு மற்றதும் போகும். நித்திரை கொண்ட சாரதி என்று பெயர் எடுத்தவனிடம் காத்தான்குடியில் ஒரு கடைக்காரரும் லொறிச் சாவியைக் கொடுக்கமாட்டார்.

2. நாற்பத்திரண்டு கேள்விகள்

ஜனவரியில் மழை விட்டபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மட்காட்டைத் தட்டி நிமிர்த்திவிட்டு, இந்தக் கார் நெடுந்தூர ஓட்டத்துக்கு உகந்ததா என்று பரிசோதித்து எழுதும்படி எனக்கு உத்தரவு. படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். அந்தப் படிவத்தைத் திருத்திய குழுவில் நானும் ஒருவன். ஆகவே அதில் குறை இருக்க முடியாது என்று நம்பினேன்.

கொடுவாமடு மலைக்கல் கொண்டுவரும் லொறியைப் பரிசோதிப்பதைவிட இது சுகமான வேலை. டயரில் காற்றை அளந்து, பெற்றோலை நிரப்பி, வேர்க்ஷொப் கிளார்க்கைப் பக்கத்தில் இருத்தி, தம்புள்ளை வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். வெயில் நன்றாக இருந்ததால் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தேன். ஓட்டமாவடிப் பாலத்தில் ரெயில் கடக்கும்வரை நின்றபோதும் எஞ்சின் சூடேறவில்லை. மன்னம்பிட்டிக்கு அப்பால் குழி விழுந்த ரோட்டில் ஸ்பிரிங் தொட்டில்போல அசைந்தது. பிரேக் போட்ட இடத்தில் கார் நின்றது. ஐம்பது மைல் வேகத்தில் கிளார்க் சொல்லித் தானே சிரித்த பகிடி தெளிவாகக் கேட்டது. அது ஒன்றுதான் அந்தக் காரில் நான் கண்ட குறை.

டிக்கி மூடியின் விளிம்பில் பெயின்ட் உராய்ந்திருந்தது. "சிறு கீறல், கவனத்துக்குரியதல்ல" என்று எழுதினேன். கடைசிக் கேள்விக்கு "மிகவும் உகந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டு அன்றைய தபாலிலேயே அனுப்பினேன்.

கார் நல்லது என்று நான் எழுதினால் ஆதம்லெப்பை கூடாதவன் என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. உண்மை அப்படி இருந்தால் என்ன செய்வது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

3. காற்று வாங்கப் போனவர்

அடுத்த கிழமை ஆதம்லெப்பை ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேர்க்ஷொப்புக்கு வந்தான். விசாரணை அதிகாரி கொழும்பிலிருந்து வரும் திகதியை அதில் அறிவித்திருந்தார்கள். கையெழுத்திட்டுவிட்டுக் காரைச் சுற்றிப் பார்த்தான்.

"ஐயா ஓடிப் பாத்தீங்களாம். எப்பிடி?"

"நல்ல கார். ஒரு பிழையும் இல்ல."

"என்னத்த ஏத்திக்கொண்டு போனீங்க?"

"ஒண்டும் ஏத்தல்ல. கிளார்க்தான் வந்தவர்."

அவன் சிரித்தான். இடைநிறுத்தப்பட்ட பிறகு அதுவரை அவன் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

"அப்ப நீங்க கொழும்புக்கு ஓடிப் பாக்கல்ல ஐயா. காத்து வாங்கப் போயிரிக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் டிக்கி விளிம்பின் உராய்வை மறுபடி பார்த்தேன். பம்பரிலும் அதே உராய்வு, நேர் கீழே. கயிற்றுத் தடம்.

"அண்டைக்கு டிக்கியில என்ன இரிந்த?"

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். நான் வேர்க்ஷொப் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி கேட்டேன். மெதுவாகச் சொன்னான். இரண்டு ஓலைக் கடகம் நிறைய வாவி நண்டு. எருமைத் தயிர் நாலு சட்டி. ஒரு குலை வாழைப்பழம். அரை மூட்டை அரிசி. எல்லாம் எஞ்சினியருடைய மனைவியின் தமக்கைக்கு. நாங்கள் மட்டக்களப்பிலிருந்து வெறுங்கையோடு கொழும்புக்குப் போவதில்லை. இங்கே மாற்றலாகி வரும் யாழ்ப்பாணத்து எஞ்சினியருக்கும் ஆறு மாதத்தில் அந்தப் பழக்கம் பிடித்துவிடும். அந்தச் சிறிய டிக்கியில் அவ்வளவும் அடங்கவில்லை. மூடியை ஒரு முழம் திறந்தபடி விட்டு, கயிற்றால் பம்பரோடு கட்டியிருக்கிறார்கள்.

"முந்தின பயணங்களிலயும் இப்பிடித்தானா?"

"எப்பவும் இப்பிடித்தான். அப்ப என்ர பக்கக் கண்ணாடி திறந்து கிடக்கும். அண்டைக்கு மழை. எல்லாக் கண்ணாடியையும் ஏத்தியாச்சி. எஞ்சினியர் தொரை எப்பவும்போல ஏறாவூருக்கு முன்னுக்கே நித்திரை."

"நான் வரக்குள்ள டிக்கி காலியா மூடிக் கிடந்ததே?"

"சாமானெல்லாம் ஸ்டேஷனில இறக்கி ரெயிலில போட்ட. தொரை சொன்னவர்."

ஆக, எஞ்சினியர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது நண்டு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"இத ஏன் வாக்குமூலத்தில சொல்லல்ல?"

"அரசாங்கக் கார்ல சொந்தச் சாமான் ஏத்தக்கூடாதே ஐயா. சொன்னா அவர்ர வேலையும் போகும். அவர் போனா மட்டும் என்ர நித்திரை இல்லையெண்டு ஆகிருமா?"

பின் சீட்டைக் கழற்றினேன். சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு மெல்லிய அட்டைதான் இருந்தது. அதன் ஓரங்களில், டிக்கிப் பக்கத்தில், கருப்பாகப் புகைக்கரி படிந்திருந்தது. ஓடும் காருக்குப் பின்னால் காற்று சுழலும். டிக்கி திறந்திருந்தால் சைலன்சர் குழாயிலிருந்து வரும் புகையை அந்தச் சுழற்சி உள்ளே இழுத்துவிடும். அதில் மணமில்லாத விஷவாயு இருக்கிறது. ஆளை முதலில் தூங்கவைக்கும். "கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதே" என்று எங்கள் வேர்க்ஷொப் சுவரில் ஒரு அறிவித்தல் உண்டு. அதை எழுதி ஒட்டியவன் நான்.

4. அதே சாமான், அதே ரோட்டு

இரண்டாவது பரிசோதனைக்கு அனுமதி கேட்டு எஞ்சினியரிடம் போனேன். அவர் கை இன்னும் தொங்குதுணியில் இருந்தது. சந்தேகத்தைச் சொன்னேன். சாமான் விபரத்தையும் சொன்னேன். முகம் சிவந்தது.

"விசர்க்கதை கதையாதையும். அந்தக் காரிலை நான் நாலு தரம் கொழும்புக்குப் போயிருக்கிறன். நாலு தரமும் தொட்டில்லை கிடந்த மாதிரி நித்திரை. அது காரின்ரை சுகம்."

"எழும்பேக்க தலையிடிச்சதா சேர்?"

தொங்குதுணியின் முடிச்சைச் சரிசெய்தார். "கொழும்பு வெயிலுக்கு எவருக்கும் தலையிடிக்கும்" என்றார். பிறகு, "நானும் வாறன். நீர் சொல்லுறது பிழையெண்டு காட்டிறன்" என்றார்.

ஒருநாள் காலை, அதே எடையில் அரிசியும் தேங்காயும் ஏற்றி, டிக்கி மூடியை அதே ஒரு முழம் திறந்து கட்டினேன். நண்டை மட்டும் ஏற்றவில்லை. இடைநிறுத்தப்பட்டவன் அரசாங்கக் காரை ஓட்டக்கூடாது என்பது விதி. ஆதம்லெப்பை சாட்சியாக முன் சீட்டில் இருந்தான், எஞ்சினியர் பின்னால், நான் ஓட்டினேன். எல்லாக் கண்ணாடியும் மேலே. யாருக்காவது தலை கனத்தால் உடனே சொல்லவேண்டும், சொன்னதும் நிறுத்துவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

செங்கலடி தாண்டும்வரை எஞ்சினியர் என்னைப் பரிகசித்துக்கொண்டு வந்தார். கிரானில் பேச்சுக் குறைந்தது. ஓட்டமாவடிப் பாலத்துக்கு அப்பால் பேச்சே இல்லை.

"தொரை படுத்திட்டார்" என்றான் ஆதம்லெப்பை. பிறகு, "ஐயா, எனக்கு மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இரிக்கி. அண்டைக்கும் இப்பிடித்தான்."

எனக்கும் நெற்றிப்பொட்டில் இடித்தது. உடனே நிறுத்தி நாலு கதவையும் திறந்தேன். எஞ்சினியரை எழுப்பக் கூப்பிட்டேன், எழும்பவில்லை. இருவருமாகக் கையைப் பிடித்து வெளியே இழுத்தோம். காற்றுப் பட்டதும் கண்ணைத் திறந்து, ரோட்டோரப் பற்றைப் புதருக்குள் வாந்தி எடுத்தார். ஆதம்லெப்பை அவருடைய நல்ல தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காலமை சாப்பிட்ட மீன் சரியில்லை" என்றார் எஞ்சினியர்.

"நான் ஒண்டும் சாப்பிடல்ல தொரை, நோன்பு" என்றான் ஆதம்லெப்பை. "எனக்கும் குமட்டுது."

எஞ்சினியர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் அங்கே இருந்தோம். பிறகு சாமானை எனக்குத் தெரிந்த ஒரு தேத்தண்ணிக் கடையில் இறக்கி, டிக்கியை இறுக்கி மூடி, கண்ணாடிகளை மேலேயே வைத்து, அதே தூரம் திரும்பி ஓட்டினேன். யாருக்கும் கண் சொருகவில்லை. எஞ்சினியர் மட்டக்களப்பு வரை விழித்தபடியே வந்தார்.

வேர்க்ஷொப் வாசலில் இறங்கும்போது, "என்னைப் பற்றி என்ன எழுதப்போறீர்?" என்று கேட்டார்.

"டிக்கி திறந்திருந்தது எண்டு எழுதுவன் சேர். ஏன் திறந்திருந்தது எண்டு கேக்கிற கேள்வி நாற்பத்திரண்டில இல்ல."

5. ஒரே கையெழுத்து

விசாரணை அதிகாரி வயதான மனிதர், அவசரப்படாதவர். என் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்தார்.

"ஒண்டில கார் மிகவும் உகந்தது. மற்றதில ஆளைக் கொல்லும். கையெழுத்து ஒண்டு. எதை நான் எடுக்கிறது?"

இரண்டாவதை முதலாவதன் தொடர்ச்சி என்று சொல்லித் தப்ப ஒரு வழி இருந்தது. விதிக்கோவையில் அதற்கு இடமும் உண்டு, பக்கத்தையும் நான் அறிவேன். ஆனால் அப்படிச் சொன்னால் முதல் அறிக்கை கோப்பில் உயிரோடு இருக்கும். அது இருக்கும்வரை ஆதம்லெப்பை மேல் குற்றமும் இருக்கும்.

"முதலாவது பிழை சேர். வெறும் காரை ஓட்டிப்பார்த்து எழுதினது. அதை நீக்கச் சொல்லி எழுத்தில கேட்கிறன்."

"டிக்கி ஏன் திறந்திருந்தது?"

நான் என் படிவத்தைப் பார்த்தேன். ஆதம்லெப்பை தரையைப் பார்த்தான். எஞ்சினியர் தொண்டையைச் செருமினார்.

"நண்டு" என்றார். "என்ரை மனிசியின்ரை தமக்கைக்கு. சாமான் ஏத்தச் சொன்னது நான். இவன் வேண்டாமெண்டுதான் சொன்னவன்."

அவன் அப்படிச் சொல்லியிருந்தானா என்று எனக்குத் தெரியாது. ஆதம்லெப்பையின் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் தெரியவில்லை. எஞ்சினியரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் கொடுத்தார், அந்த வருடச் சம்பள இன்கிரிமென்டை இழந்தார். அதன் பிறகு ரெயிலில்தான் கொழும்புக்குப் போனார்.

காரைப் பற்றிக் கேட்டால், நெடுந்தூரத்துக்கு இன்றும் அதைச் சிபாரிசு செய்வேன், டிக்கி மூடியிருந்தால். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாகனத்தைத் தொடும் முன், அதை ஓட்டுபவனிடம் என்ன ஏற்றிக்கொண்டு போவாய் என்று கேளுங்கள். அவன் சொல்லத் தயங்கினால், கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேளுங்கள். படிவத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

தீர்ப்பு ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தது. ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. கவனமின்றிப் பரிசோதனை அறிக்கை அளித்ததற்காக என் சேவைக் கோப்பில் கண்டனம் பதியப்படுவதாக என்னுடையது சொன்னது. ஆதம்லெப்பை தன்னுடையதைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினான். இங்கிலீஷ் வாசிக்க அவனுக்கு வராது.

"என்ன எழுதியிரிக்கி ஐயா?"

"நாளைக்கு வேலைக்கு வரட்டாம்."

அவன் கடிதத்தை வாங்கி நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு மற்றக் கடிதத்தைக் காட்டினான்.

"உங்கட கடிதத்தில?"

"எனக்கும் அதுதான்" என்றேன். "நாளைக்கு வேலைக்கு வரட்டாம்."